மாஸ்டருக்கு ரெண்டு நிமிஷம்

ஆரணிப் பக்கம் ஜிம் வைத்திருப்பவர்களை ஒரே இடத்தில் கூட்ட வேண்டுமென்றால் இரண்டே வழிதான். ஒன்று ஆணழகன் போட்டி, இன்னொன்று பிரியாணி. முத்துவேல் இரண்டாவதை நம்பித்தான் கல்யாண மண்டபத்தைப் பிடித்திருந்தான். ஞாயிற்றுக்கிழமை காலை யோகா, மத்தியானம் பிரியாணி என்று சங்கத்து வாட்ஸப் குரூப்பில் போட்டபோது யோகாவைப் பற்றி ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. பிரியாணிக்கு முட்டை உண்டா என்று மட்டும் ஏழெட்டுப் பேர் கேட்டிருந்தார்கள். முட்டையின் வெள்ளைக் கரு தனியாகக் கிடைக்குமா என்று ஒருவர் கேட்டார். அவர் கண்ணமங்கலத்துக்காரர், போட்டிக்குத் தயாராகிக்கொண்டிருப்பவர், அவரை மன்னித்துவிடலாம்.

யோகா சொல்லித்தர வந்தவள் கலைமகள். கொசப்பாளையத்தில் ஒரு பட்டு நூல் கடையின் மாடி ஹாலில் பல வருஷமாகப் பெண்களுக்கு மத்தியான வகுப்பு நடத்துகிறாள். தறியில் உட்கார்ந்து உட்கார்ந்து இடுப்புப் பிடித்துக்கொண்டவர்கள், செய்யார் கம்பெனியில் ஷிஃப்ட் முடித்து வந்தும் தூக்கம் வராதவர்கள், சர்க்கரைக்குப் பயந்தவர்கள் என்று எல்லா ரகமும் அங்கே உண்டு. வீட்டில் யாரும் கூப்பிட முடியாத ஒரு மணி நேரம் வேண்டும் என்பதற்காகவே வருகிற ரகம் ஒன்றும் உண்டு. அந்த ரகம் மழை பெய்தாலும் லீவு போடாது.

அந்தக் கட்டிடத்தை இடித்துக் கட்டப்போகிறார்கள். மாதக் கடைசிக்குள் காலி செய்ய வேண்டும். கலைமகள் ஊரெல்லாம் அலைந்து பார்த்துவிட்டாள். பள்ளிக்கூடத்தில் மத்தியானம் பிள்ளைகள் இருப்பார்கள். மண்டபங்கள் முகூர்த்த நாளில் கிடைக்காது, ஆரணியில் முகூர்த்தமில்லாத நாள் எது என்பதும் தெரியாது. வகுப்பு நின்றுபோனால் அந்தப் பெண்கள் வேறு எங்கும் போகப்போவதில்லை, வீட்டிலேயே இருந்துவிடுவார்கள்.

அப்படி அலைந்த ஒரு மத்தியானத்தில்தான் ஜிம்கள் அவள் கண்ணில் பட்டன. காலையில் திறக்கிறார்கள், சாயங்காலம் திறக்கிறார்கள். நடுவில் எல்லா ஜிம்மும் பூட்டியே கிடக்கிறது. உள்ளே கண்ணாடி, மேட், ஃபேன், தண்ணீர் எல்லாம் ஆளில்லாமல் சும்மா இருக்கிறது. பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஜிம் நடத்தும் முத்துவேலிடம் போய்க் கேட்டாள். அவன் சங்கத்துக்குச் செயலாளரும்கூட.

"எனக்கு ஓகேதான் மேடம். ஆனா சங்கத்த கேக்காம குடுத்தா மாஸ்டரு என்ன உரிச்சி உப்பு தடவிடுவாரு" என்றான் முத்துவேல். "ஒண்ணு பண்ணலாம். எங்க ஆளுங்களுக்கு ஒரு நாளு கிளாஸ் எடுங்க. அவங்களுக்குப் புடிச்சிட்சின்னா அன்னிக்கே மீட்டிங்ல பேசி முடிச்சிக்கலாம்."

மாஸ்டர் என்றால் துரைக்கண்ணு மாஸ்டர். ஆரணியில் முதல் ஜிம் வைத்தவர், சங்கத் தலைவர். இளம் வயதில் 'மிஸ்டர் வட ஆற்காடு' பட்டம் வாங்கினார். அந்தப் பெயரில் மாவட்டமே இல்லாமல் போன பிறகும் பட்டத்தை மட்டும் அவர் விட்டுக்கொடுக்கவில்லை. இன்று தேவிகாபுரத்திலிருந்து செய்யார் வரை ஜிம் வைத்திருப்பவர்களில் முக்கால்வாசிப் பேர் அவரிடம் திட்டு வாங்கியே உடம்பை வளர்த்தவர்கள். யோகா வகுப்பு என்று முத்துவேல் போய்ச் சொன்னதும் அவர் டம்பெல்லைக் கீழே வைக்காமலே பதில் சொன்னாராம்.

"சும்மா நின்னுகினு மூச்சு வுடறதுக்கு இன்னாத்துக்குடா கிளாஸு? பொறந்ததுலேர்ந்து வுட்டுகினுதான கீறோம்? நான் வரமாட்டேன். நான் வரலன்னா ஒருத்தனும் வரமாட்டான், போ."

வாட்ஸப் பார்க்காத அவருக்குப் பிரியாணி விஷயம் தெரியாது. தெரிந்திருந்தால் கடைசி வாக்கியத்தைச் சொல்லியிருக்க மாட்டார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் கலைமகள் மண்டபத்துக்குள் நுழைந்தபோது மேடையில் பெரிய ஃப்ளெக்ஸ் தொங்கியது. 'யோகா மற்றும் மைண்ட் ஃபுல் பயிலரங்கம்' என்று போட்டிருந்தார்கள். மைண்ட்ஃபுல்னஸ் என்று எழுதித் தந்ததில் வால் எங்கேயோ அறுந்துபோயிருந்தது. அவளுடைய படம் ஓரத்தில் தபால்தலை அளவுக்கு இருந்தது. நடுவில் ஆள் உயரத்துக்கு மாஸ்டர், அரை நூற்றாண்டுக்கு முந்தைய கறுப்பு வெள்ளையில், ஜட்டியோடு இரண்டு கையையும் மடக்கி ஊரையே தூக்குவதுபோல நின்றுகொண்டிருந்தார். அவர் காலடியில் தொடக்க விழாவுக்கு வைத்த குத்துவிளக்கு எரிந்தது.

"மைண்ட் ஃபுல்லா இருக்கறதுக்கு எதுக்கு மேடம் கிளாஸு? எனக்கு ஏற்கெனவே ஃபுல்லாதான் கீது" என்று ஒரு டிரெய்னர் கேட்டுவிட்டுச் சிரித்தான். கலைமகளும் சிரித்துவைத்தாள்.

முத்துவேல் கையில் ஒரு பெரிய ரோஜா மாலையை வைத்துக்கொண்டு எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றான். தலைவருக்குப் போடுவதற்காகச் சொல்லி வைத்துக் கட்டிய மாலை. தலைவர் வரவில்லை. கலைமகளுக்குப் போடலாம் என்றால், அவருக்கு வாங்கிய மாலையை இன்னொருவர் கழுத்தில் போட்டது அவர் காதுக்குப் போய்விடும். நாற்காலியில் வைத்தால் எவனாவது மேலே உட்கார்ந்துவிடுவான். சுற்றிலும் பார்த்தான். ஃப்ளெக்ஸ் கட்டிய கம்பு இரண்டு பக்கமும் நீட்டிக்கொண்டிருந்தது. மாலையைத் தூக்கி அதில் மாட்டினான். அது மாஸ்டரின் படத்துக்கு மேலே அழகாக இறங்கி உட்கார்ந்தது. மரியாதைக்கு மரியாதையும் ஆயிற்று என்று அவன் கையைத் தட்டிக்கொண்டு இறங்கினான்.

இதோடு நிறுத்தியிருந்தாலும் பரவாயில்லை. வருகிறவர்கள் எல்லாம் மாஸ்டர் ஏன் வரவில்லை என்று கேட்டார்கள். கோபித்துக்கொண்டார் என்று சொன்னால் பாதிப்பேர் வாசலோடு திரும்பிவிடுவார்கள். அதனால் முத்துவேல், "ஒடம்பு கொஞ்சம் சரியில்ல" என்றான். அடுத்தவருக்கு அது ஜுரமானது. அதற்கடுத்தவருக்கு பிரஷர். கடைசியாக வந்த வரிசைக்கு, "நெஞ்சு ஒரு மாதிரி கீதாம்" என்று சொல்லும்போது அவனுக்கே முகம் வாடிப்போயிருந்தது. சொல்லச் சொல்ல மெருகேறுவது அவன் சுபாவம், அவனுடைய ஜிம் விளம்பரத்தைப் படித்தவர்களுக்கு அது தெரியும்.

வகுப்பு தொடங்கியது. மண்டபம் நிறைய ஆட்கள், ஒவ்வொருவரும் ஒன்றரை ஆள். சம்மணம் போட்டு உட்காருங்கள் என்றாள் கலைமகள். அங்கேயே முதல் தடங்கல். தன் எடையைப்போல இரண்டு பங்கு இரும்பைத் தூக்குகிறவர்களுக்குத் தரையில் காலை மடக்க வரவில்லை. தொடை தொடையோடு முட்டிக்கொண்டது. முழங்கால்கள் காதுக்கு நேராக நின்றன. ஒருவன் பின்பக்கமாகச் சாய, அவனைத் தாங்கிய பின்வரிசைக்காரனும் சாய்ந்தான்.

மூச்சை இழுத்துவிடச் சொன்னாள். இழுத்தார்கள், விடவில்லை. மார்பை முன்னே தள்ளி, வயிற்றை எக்கி, போட்டி மேடையில் நிற்பதுபோல நின்றுவிட்டார்கள். பக்கத்தில் இருப்பவன் விடுவதற்கு முன்னால் தான் விட்டால் அவமானம் என்று ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டார்கள். முகமெல்லாம் தக்காளியாகச் சிவந்தது.

"கட்டாதீங்க, விடுங்க. இது போட்டியில்லீங்க."

"எவ்ளோ நேரம் ரெக்கார்டு மேடம்?" என்றது ஒரு குரல்.

அதற்குப் பிறகு போன்கள் வெளியே வந்தன. பின்வரிசையில் ஒருவன் யாருக்கோ புரோட்டீன் பவுடர் விற்றுக்கொண்டிருந்தான். சமையல்கட்டுப் பக்கமிருந்து வாசனை வேறு வரத் தொடங்கியது. முத்துவேல் கூட்டத்தின் நடுவில் நின்று எல்லாரையும் கும்பிட்டுக் கும்பிட்டு அடக்கப் பார்த்தான். கலைமகளுக்கு ஹாலும் போச்சு, மானமும் போச்சு என்று தோன்றியது. கொசப்பாளையத்தில் அவளுடைய பெண்கள் இன்றைக்கு என்ன ஆகுமோ என்று காத்திருப்பார்கள். அவர்களிடம் போய் என்ன சொல்வது என்று யோசித்தபடியே, கடைசியாக ஒன்றைச் செய்து பார்த்துவிடலாம் என்று முடிவுக்கு வந்தாள். உட்காரத்தானே வரவில்லை, நிற்க வரும் அல்லவா.

மைக்கை வாய்க்குக் கிட்டே பிடித்து, நல்ல கணீரென்ற குரலில் சொன்னாள்.

"எல்லாரும் எழுந்து நில்லுங்க. கண்ண மூடிக்குங்க. ரெண்டு நிமிஷம் மௌனமா இருப்போம்."

நம் ஊரில் இந்த மூன்று வாக்கியத்தை இதே வரிசையில் மைக்கில் சொன்னால் அதற்கு ஒரே ஓர் அர்த்தம்தான். கட்சிக் கூட்டமானாலும் சரி, பள்ளி ஆண்டுவிழாவானாலும் சரி, யாரோ போய்விட்டார்கள். கலைமகளுக்கு அது அந்த நேரத்தில் நினைவுக்கு வரவில்லை. அவள் நினைப்பெல்லாம் மூச்சில் இருந்தது.

ஒரே சமயத்தில் அத்தனை பேரும் எழுந்தார்கள். போன்கள் பாக்கெட்டுக்குள் போயின. ஒருவன் தலையில் இருந்த தொப்பியைக் கழற்றினான். கைகள் தாமாகவே முன்னால் வந்து ஒன்றின்மேல் ஒன்று படிந்தன. தலைகள் குனிந்தன. குனிவதற்கு முன் ஒவ்வொரு ஜோடிக் கண்ணும் மேடையை ஒரு தரம் பார்த்தது. படம், மாலை, விளக்கு. பிறகு மூடிக்கொண்டது.

அப்படி ஓர் அமைதியைக் கலைமகள் தன் வகுப்பில் ஒருநாளும் கண்டதில்லை. ஃபேன் சுற்றுவது கேட்டது. கோட்டை மைதானத்துப் பக்கம் பஸ் ஹாரன் அடித்தது கேட்டது. சமையல்கட்டில் கரண்டி அண்டாவில் உரசுவது கேட்டது. எதற்கும் ஒரு தலைகூட நிமிரவில்லை. மூன்றாவது வரிசையில் யாரோ மூக்கை உறிஞ்சினார்கள். மனசு அடங்கும்போது சிலருக்குக் கண்ணீர் வரும் என்று அவள் படித்திருக்கிறாள், இத்தனை சீக்கிரம் வரும் என்று படித்ததில்லை. ஜெயித்துவிட்டோம் என்றே நினைத்தாள்.

வாசலில் ஒருவன் தாமதமாக வந்து நின்றான். செய்யாரில் டிரெய்னராக இருக்கும் பிரின்ஸ். உள்ளே பார்த்தவன் அப்படியே உறைந்தான். செருப்பைக் கழற்றினான். நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டு, போனை எடுத்து ஒரு படம் பிடித்தான். நல்லது, நாளைக்கு விளம்பரத்துக்கு ஆகும் என்று கலைமகள் நினைத்துக்கொண்டாள்.

"மெதுவா கண்ணத் தொறங்க. எப்படி இருந்துச்சுன்னு யாராவது சொல்றீங்களா?"

ஒருவன் தலையில் கை வைத்தபடி நாற்காலியில் சரிந்தான். பாக்கெட்டுகளில் போன்கள் வரிசையாக நடுங்கத் தொடங்கின. எடுத்துப் பார்த்தவர்கள் எல்லாம் "ஐயோ" என்றார்கள். முத்துவேலும் எடுத்துப் பார்த்தான். குரூப்பில் பிரின்ஸ் போட்டிருந்தான். மாலை போட்ட படத்தின் முன்னால் குனிந்த தலைகள், அதற்குக் கீழே, 'நம் ஆசான் மாஸ்டர் நம்மை விட்டுப் பிரிந்தார். ஆழ்ந்த இரங்கல்.' கீழே கும்பிட்ட கைகள் வரிசையாக வந்துகொண்டே இருந்தன.

"மேடம்" என்றான் முத்துவேல். "மாஸ்டரு போயிட்டாரு."

"மொதல்லயே சொல்லிட்டு நிக்க வெச்சிருக்கலாமே மேடம்" என்று முன்வரிசைக்காரன் வருத்தப்பட்டான். "உட்கார வெச்சி, மூச்சு இழுக்க வெச்சி, அதுக்கப்பறமா சொல்றீங்களே."

கலைமகள் திரும்பி மேடையைப் பார்த்தாள். அப்போதுதான் அந்த மாலை அவள் கண்ணில் பட்டது. இவ்வளவு நேரம் அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டே நின்றிருக்கிறாள்.

முத்துவேல் மாஸ்டரின் நம்பருக்கு மறுபடி மறுபடி போட்டான். மணி அடித்தது, எடுக்கவில்லை. அவன் தரையிலேயே உட்கார்ந்துவிட்டான். "நான்தான் மேடம் சொன்னேன், நெஞ்சு ஒரு மாதிரி கீதுன்னு. சும்மாதான் சொன்னேன். பலிச்சிட்சி. என் வாய்ல இன்னாத்த வெச்சி தேய்க்கறது."

"கொஞ்சம் இருங்க" என்றாள் கலைமகள். "பிரின்ஸ் சார், உங்களுக்கு யாரு சொன்னாங்க?"

"யாரும் சொல்லலீங்க. நீங்கள்லாம் நின்னுகினு இருந்தீங்களே, அதப் பாத்துட்டுதான் போட்டேன்."

"நீங்கள்லாம்?" என்று மற்றவர்களைப் பார்த்தாள்.

"பிரின்ஸு போட்டதப் பாத்துதான் கன்ஃபார்ம் ஆச்சி மேடம்."

"இவரு உங்களப் பாத்துப் போட்டாரு. நீங்க இவரு போட்டதப் பாத்து நம்புறீங்க. மாஸ்டர யாராவது பாத்தீங்களா?"

யாரும் பார்க்கவில்லை. மண்டபம் மெல்ல மூச்சுவிட்டது. மாஸ்டர் உயிரோடுதான் இருக்கிறார், கோபத்தில் போனை எடுக்கவில்லை. அது பெரிய நிம்மதிதான். ஆனால் உயிரோடு இருக்கிற மாஸ்டருக்கு இது தெரியவருமே என்று கலைமகள் அடுத்ததாக நினைத்தாள். யோகாவே வேண்டாம் என்றவர் அவர். முதல் வகுப்பிலேயே அவரைக் கொன்ற யோகாவுக்கு ஜிம்மைத் திறந்துவிடுவாரா?

பிரின்ஸ் போட்டதை அழித்தான். அதனால் ஒரு பயனும் இல்லை. அது அதற்குள் பல குரூப்புக்குப் போய், பூக்கடைகளுக்கும் போய்விட்டிருந்தது. முக்கால் மணி நேரத்தில் தேவிகாபுரத்திலிருந்து ஒரு வேன் நிறைய ஆட்கள் மாலைகளோடு வந்து இறங்கினார்கள். வந்தவர்களுக்கு விஷயத்தைச் சொல்லி முடிப்பதற்குள் வாசலில் வெள்ளை டெம்போ ஒன்று வந்து நின்றது. பக்கவாட்டில் 'ஐஸ் பெட்டி வாடகைக்குக் கிடைக்கும்' என்று நீல எழுத்தில் இருந்தது. பின்னால் பெட்டியும் இருந்தது.

அதைப் பார்த்ததும் அடங்கியிருந்த அழுகை மறுபடி கிளம்பியது. "அப்ப நெஜம்தாண்டா" என்று தேவிகாபுரத்துக்காரர் ஒருவர் நெஞ்சில் அடித்துக்கொண்டார். அந்த நேரம் பார்த்து டிரைவருக்குப் பக்கத்துக் கதவு திறந்தது. டிராக் பேண்ட்டும் கை வைத்த பனியனுமாக துரைக்கண்ணு மாஸ்டர் இறங்கினார்.

எழுபதை நெருங்கிய மனிதர், ஆனால் கழுத்து இன்னும் தூண் மாதிரி இருந்தது. மூச்சு மட்டும் கோபத்தில் வாங்கியது. நெஞ்சில் அடித்துக்கொண்டவர் கையில் மாலை இருந்தது. அதை என்ன செய்வதென்று தெரியாமல் மாஸ்டரின் கழுத்திலேயே போட்டுவிட்டுக் கட்டிப்பிடித்து அழுதார்.

"வுடுறா" என்றார் மாஸ்டர். "யாருடா என்ன சாவடிச்சது? காலைல ஊட்ல கூழு குடிச்சிகினு கீறேன். இந்தப் பையன் வந்து, பெட்டிய எங்க எறக்கறதுன்றான். யாருக்குடான்னா, துரைக்கண்ணு மாஸ்டருக்குன்றான். நான்தாண்டா அதுன்னா, அட்ரஸ் கரெக்டான்னு கேக்கறான். இந்த மண்டபத்துல எல்லாரும் நிக்கற போட்டோ வேற வந்துகீதாம். என் பொண்டாட்டி பாஞ்சால இன்னா சொல்லணும்? எங்க ஊட்ல கரண்டு இல்ல, அப்பறமா எடுத்துனு வான்றா."

யாரோ ஒருவன் குபீரென்று சிரித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டான். பெட்டிக்குச் சொன்னது யார் என்று மாஸ்டர் கேட்டார். வெள்ளைக் கரு கேட்ட கண்ணமங்கலத்துக்காரர் தலையைக் குனிந்தபடி கையைத் தூக்கினார். "மொத ஆளா செய்யணும்னுதான் மாஸ்டர்."

"சரி, ஆரம்பிச்சது யாரு?"

எல்லாருடைய கண்ணும் முத்துவேலைத் தேடியது. அவன் ஒரு தூணுக்குப் பின்னால் இருந்தான். அவனுடைய தோள்கள் அகலம், தூண் போதவில்லை. ஆனால் முன்னால் வந்தது கலைமகள்தான்.

"நான்தாங்க மாஸ்டர். யாரையும் சாவடிக்கல. ரெண்டு நிமிஷம் மௌனமா நிக்கச் சொன்னேன். உங்க படத்துல மாலை இருந்தது எனக்குத் தெரியல."

"மௌனம்னா, யாருக்கு?"

"யாருக்கும் இல்லீங்க."

"யாருக்கும் இல்லாம எதுக்கு நிக்கணும்?"

அந்தக் கேள்விக்கு அவளிடம் புத்தகத்துப் பதில் நிறைய இருந்தது. "சும்மாதாங்க" என்றாள்.

"இவனுங்களா? சும்மா நின்னானுங்களா?" மாஸ்டர் கையை நீட்டினார். "எங்க, அந்தப் போட்டோவ காட்டு."

பிரின்ஸ் போனைக் கொடுத்தான். கண்ணாடி எடுத்து வரவில்லை, கையை முழுக்க நீட்டி வைத்துப் பார்த்தார். விரலால் பெரிதாக்கினார். ஒவ்வொரு ஆளாக நகர்த்தினார். கோபம் இருந்த இடத்தில் வேறு என்னவோ வந்தது. போட்டியில் நடுவராக உட்காரும்போது அவர் முகம் இப்படித்தான் இருக்கும்.

"இது முத்துவேலா?"

"ஆமா மாஸ்டர்" என்றது தூண்.

"தோளு எறங்கி கீது."

யாருக்கும் புரியவில்லை. மாஸ்டர் போனைச் சுற்றிலும் காட்டினார். "பாருங்கடா. இவன் எங்கிட்ட சேந்த நாள்லேர்ந்து தோள எறக்கு, தோள எறக்குன்னு கத்தறேன். எப்பவும் காதுகிட்டயேதான் வெச்சிகினு இருப்பான். கழுத்து வலிக்குது மாஸ்டர்னுவான். இதுல பாரு, எப்டி வுட்டுட்டு நிக்கறான்னு. இன்னாடா பண்ண?"

கலைமகள் உண்மையைச் சொல்லிவிட்டாள். சொன்னால் காரியம் கெடும் என்று தெரிந்துதான் சொன்னாள். "நீங்க போயிட்டீங்கன்னு நெனச்சி நின்னதுங்க மாஸ்டர் அது. என் பாடத்துக்காக நிக்கல. எனக்கு அதுல பேரு வேணாங்க."

முத்துவேல் தூணை விட்டு வெளியே வந்தான். "இல்ல மாஸ்டர். மத்தவங்க அப்டி நெனச்சிருக்கலாம். எனக்குத்தான் நீங்க ஊட்ல கோச்சிகினு உக்காந்துகினு கீறீங்கன்னு தெரியுமே. ஒடம்பு சரியில்லன்னு எல்லார்கிட்டயும் புளுகினதே நான்தான். அந்த மாலைய மாட்டினதும் நான்தான்."

"அப்பறம் எதுக்குடா நின்ன?"

"மேடம் நிக்கச் சொன்னாங்க. சும்மா நின்னேன்." அவன் யோசித்தான். "நல்லா இருந்தது மாஸ்டர்."

மாஸ்டர் போனைப் பிரின்ஸிடம் கொடுத்தார். "எம்மாம் பேரு சாவுக்கு நின்னுகீறேன். கண்ண மூடிகினு எப்படா முடியும்னு நிப்போம். தோளெல்லாம் ஒருத்தனுக்கும் எறங்காது." கலைமகள் பக்கம் திரும்பினார். "எங்க, எனக்குச் சொல்லு. சும்மா நிக்கறதுன்னா எப்டி நிக்கணும்?"

"நெஜமாவாங்க?"

"அதான் ஊரே என்ன அனுப்பி வெச்சிட்சே. இனிமே எனக்கு இன்னா வேல? சொல்லும்மா. மொதல்ல படத்துலேர்ந்து அந்த மாலைய எடுங்கடா."

மாலையை எடுத்தார்கள். விளக்கை அணைக்கக் கூடாது, அபசகுனம் என்று யாரோ சொன்னதால் அதைத் தூக்கிக்கொண்டுபோய் சமையல்கட்டு மேடையில் வைத்தார்கள். மண்டபத்தில் இருந்தவர்கள், தேவிகாபுரத்து வேன்காரர்கள், ஐஸ் பெட்டி டிரைவர் எல்லாரும் நின்றார்கள். நடுவில் மாஸ்டர், கழுத்தில் சாமந்தி மாலையோடு. அதைக் கழற்ற அவர் மறந்துவிட்டார், சொல்ல யாருக்கும் தைரியமில்லை.

இந்தத் தடவை கலைமகள் மைக்கை எடுக்கவில்லை. மௌனம் என்ற வார்த்தை நாக்கு நுனி வரைக்கும் வந்தது, விழுங்கிக்கொண்டாள்.

"கைய முன்னால கட்டாதீங்க, தொங்க விடுங்க. தலையக் குனியாதீங்க, யாரும் சாகல. மூச்ச இழுக்கவும் வேணாம், கட்டவும் வேணாம். அது பாட்டுக்கு வரும், அது பாட்டுக்குப் போகும். வருதா போகுதான்னு மட்டும் பாத்துகினு இருங்க. வேற ஒண்ணும் இல்ல."

பாத்துகினு என்று தன் வாயில் வந்ததை அவளே கவனித்தாள். வகுப்பில் அவள் அப்படிப் பேசுவதில்லை. டிப்ளமோ படித்த இடத்தில் அதைத் திருத்தி அனுப்பியிருந்தார்கள்.

மண்டபம் அடங்கியது. முன்னைப்போல ஒரேயடியாக அடங்கவில்லை. ஒருவன் இருமினான், ஒருவன் சிரிப்பை அடக்கினான், வெளியே டெம்போவின் இன்ஜின் நிற்காமல் உறுமியது. கொஞ்சம் கொஞ்சமாகத்தான் படிந்தது. கலைமகள் கண்ணை மூடவில்லை. மாஸ்டரின் நெஞ்சில் கிடந்த மாலை வேக வேகமாக ஏறி இறங்குவதைப் பார்த்தாள். பிறகு அது மெதுவாக ஏறியது, மெதுவாக இறங்கியது. அந்தத் தூண் கழுத்துக்குக் கீழே தோள்கள் ஒரு விரல்கடை இறங்கின.

"போதுங்க. மெதுவா கண்ணத் தொறங்க."

எல்லாரும் திறந்தார்கள். மாஸ்டர் திறக்கவில்லை. ஆடாமல் அசையாமல் நின்றார். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். நேரம் போயிற்று.

"மாஸ்டர்" என்றான் முத்துவேல்.

இன்னொரு தரம் கூப்பிட்டான்.

"பெட்டி வெளியதான் கீது" என்று பின்னாலிருந்து ஐஸ் பெட்டிக்காரன் மெல்லச் சொன்னான். பக்கத்தில் நின்றவன் அவனுக்கு முழங்கையால் ஒரு இடி கொடுத்தான்.

முத்துவேலுக்கு முகம் வெளுத்துவிட்டது. அடிமேல் அடி வைத்துக் கிட்டே போய், விரலை மாஸ்டரின் மூக்குக்குக் கீழே நீட்டினான்.

"வந்துகினுதாண்டா கீது" என்றார் மாஸ்டர், கண்ணைத் திறக்காமல். "அதத்தான் பாத்துகினு கீறேன். வெரல எடு."

மண்டபம் வெடித்துச் சிரித்தது. மாஸ்டர் சிரிக்கவில்லை. அவருடைய வலது கை மட்டும் டிராக் பேண்ட் பாக்கெட்டுக்குள் போய், ஒரு சாவிக்கொத்தை எடுத்து, கலைமகள் இருப்பாள் என்று நினைத்த திசையில் நீட்டியது. அங்கே முத்துவேல் நின்றான். அவன் அதை வாங்கிக் கலைமகளின் கையில் வைத்தான்.

"என் ஜிம்மு மத்தியானத்துல பூட்டிதான்மா கெடக்குது" என்றார் மாஸ்டர். "ஒன் பொம்பளைங்கள அங்க வரச் சொல்லு. இப்ப பேசாத, இரு."

கலைமகள் சாவியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள். உள்ளே பிரியாணி அண்டாவின் மூடியைத் திறந்தார்கள், வாசனை மண்டபம் முழுக்கப் பரவியது. ஒருவரும் சாப்பிடப் போகவில்லை. அவரைக் கண்ணைத் திறக்கச் சொல்ல அவளுக்கு மனசு வரவில்லை.